மஞ்சள் தாங்காத மை

பிரிண்டர் வாங்கப் போன அன்று, காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியதிலிருந்தே பணத்தை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டைப்ரைட்டரில் பத்திரம் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள் நான். பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் வந்ததும் என் கடை காற்று வாங்கத் தொடங்கியது. நானும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். பிரிண்டரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கடைக்காரர் மூன்றைக் காட்டினார். லேசரின் விலையைக் கேட்டதும் அதன் பக்கம் நான் திரும்பவே இல்லை. டாட் மேட்ரிக்ஸ் ரிப்பனில் அடிப்பது. தாளுக்கு ஆகும் செலவு குறைவு, ஆனால் மெஷின் விலை அதிகம். சத்தத்தில் காது கிழியும், எழுத்தும் புள்ளி புள்ளியாக விழும். இங்க்ஜெட் பாதி விலைதான். சத்தமே இல்லாமல் கருகருவென்று அடித்தது. மை மட்டும் சீக்கிரம் தீரும் என்று அவரே சொன்னார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடப் போட வேறு வேறு விடை வந்தது. கடைசியில் அழகில் மயங்கி இங்க்ஜெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்கிற அதே காரியம்.

அன்றோடு நிம்மதி போயிற்று. ஒவ்வொரு தாள் வெளியே வரும்போதும், மை எவ்வளவு குறைந்ததோ என்று மூடியைத் திறந்து பார்ப்பேன். "நீ தொழில் பண்றியா, மைக்குக் காவல் காத்துக்கினு கீறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் பயந்ததெல்லாம் மை தீர்வதைப் பற்றித்தான். பயப்பட வேண்டியது வேறொன்று என்று தெரியவில்லை.

ஒருநாள், எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் பத்திர எழுத்தர், மானாம்பதியிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர். அடுத்தவர் கொல்லையில் குடிசை போட்டு இருந்தவர், கூலி வேலை செய்தே சொந்தமாக மனை வாங்குகிறார். துணைக்கு நாத்தனார். மனையை விற்பவர் எதிரே அலுவலக வாசலில் காத்திருந்தார். முத்திரைத்தாளில் பத்திரத்தை அடித்துக் கொடுத்தேன்.

கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாத்தனார் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் குழைத்துக்கொண்டு கை நீட்டினார்.

"என் மனை. நானே வெக்கிறேன்," என்று அந்த அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

கீழ் மூலையில் வைத்த மஞ்சள் கொஞ்சம் வழிந்து கடைசி வரியைத் தொட்டது. அந்த வரியில் அவர் பெயர் இருந்தது. எழுத்து நீலம் பாரித்துக் கரைந்து ஓடியது.

"நான் வெக்கிறேன்னு சொன்னேன், கேட்டியா அண்ணி?" என்றார் நாத்தனார். "எங்கண்ணன் பூட்டப்புறம் நீ மஞ்சளத் தொடலாமா? பாரு, உன் பேரே அயிஞ்சி பூட்ச்சி. இந்த மனை வாணாம், வா பூடலாம்."

அந்த அம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செத்துவிட்டது. மெல்லக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மற்ற எழுத்தர்களும் அவர்களுடைய ஆட்களும் வாசலில் கூடிவிட்டார்கள். எங்கள் எழுத்தர் என் காதருகே குனிந்தார்.

"நீ ஒண்ணும் பேசாதம்மா. மெஷின் கோளாறுன்னு தெரிஞ்சா ஒரு பய உன் கடைப் பக்கம் வரமாட்டான்."

அவர் சொன்னது உண்மை. பேசாமல் இருந்தால் கடை பிழைக்கும். ஆனால் அந்த அம்மா படியிறங்கிவிட்டால் அவர் ஆயுசில் இன்னொரு மனை வாங்கமாட்டார்.

வெற்றுத்தாள் ஒன்றில் என் பெயரையே அடித்து எடுத்தேன். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, எல்லோரும் பார்க்க அதன்மேல் தேய்த்தேன். என் பெயரும் கரைந்தது.

"நான் சுமங்கலிதான். என் கையிலயும் கரையுது பாருங்க," என்றேன். "உங்க கை இல்லம்மா. என் மெஷின் மை தண்ணி தாங்காது."

"அப்ப மனைல தப்பில்லியே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப மறுக்கா அடி."

புது முத்திரைத்தாள் வாங்கினேன். பத்திரம் இருந்த பிளாப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் போய் நானே நின்றேன். அவர்களுடைய டாட் மேட்ரிக்ஸ் கரகரவென்று அலறிக்கொண்டு அடித்தது. அத்தனை இனிமையான சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்கள் எழுத்தர் கையோடு தன் மற்ற பத்திரங்களையும் அங்கேயே கொடுத்துவிட்டார். வயிறு எரிந்தது, வேறென்ன செய்ய?

நாத்தனார் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். அந்த அம்மா அதை வாங்கி, தன் பெயருக்கு ஒட்டினாற்போல மஞ்சளை வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். எழுத்து அசையவில்லை.

"பத்திரத்த எடு. அந்தாளு காத்துக்கினு கீறாரு," என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னால் நடந்தார்.