வடக்கே போகும் வானுக்கு ஓர் அன்ரெனா

என் கணவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டுதான் எந்தச் சாமானையும் கழற்றுவார். பிறகு பூட்டுவதற்கு என்னைக் கூப்பிடுவார். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் அவர் ஒரு பழைய பெட்டி வான் வண்டியை வாங்கி, அதற்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, காலையும் மாலையும் துடைத்துக்கொண்டு திரிந்தபோது நான் வாயே திறக்கவில்லை. உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெந்துபோன மனிதர். சொந்த வண்டி ஓட வேண்டும் என்பது மொன்றியலில் வந்து இறங்கிய நாள் முதல் அவருக்கு இருந்த ஆசை.

அதற்கு ஒரு வழியும் வந்தது. ரொக்ஸ்பரோவில் இருந்த அவருடைய ஊர்க்கார அண்ணை ஒருவர் வடக்கே காட்டுப் பக்கத்து ஊர்களுக்குத் தளபாடங்கள் ஏற்றிப் போவார். அவருக்கு இரண்டாவது வண்டி ஒன்று தேவைப்பட்டது. அந்தப் பாதையில் மணிக்கணக்காகச் செல்போன் எடுக்காது. பனி கொட்டத் தொடங்கினால் முன்னால் போகிற வண்டியின் விளக்குக்கூடத் தெரியாதாம். அதனால் இரண்டு வண்டிகளும் சி.பி. என்கிற இருவழி ரேடியோவில் கதைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அண்ணையின் சட்டம்.

"ரேடியோ வேலை செய்தால் திங்கட்கிழமை என்னோடை வாரும். இல்லையெண்டால் நான் வேறை ஆளைத்தான் பாக்க வேணும். கோவிக்காதையும்" என்று சொல்லிவிட்டார்.

இவர் ரேடியோவைப் பூட்டினார். பக்கக் கண்ணாடியின் தாங்கியில் அன்ரெனாவை நிறுத்தினார். பிறகு நல்ல நாள் பார்த்து வானைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, சந்தனம் பூசி, பூசை செய்தார். காட்டுப் பாதையில் போகிற வண்டி என்று இவர் விபரமாகச் சொன்னதால், மந்திரம் எழுதிய செப்புத் தகடு ஒன்றையும் கொண்டுவந்து பக்கக் கண்ணாடியோடு செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தோம்.

சனிக்கிழமை காலை அண்ணை கார்ட்டியர்வில்லில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் தன் லொறியைக் கொண்டுவந்து நிறுத்திப் பரிசோதித்தார். எங்கள் ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான். அண்ணை ஓர் அளவுமானியைப் பூட்டிவிட்டு, கதைக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஊசி ஒரேயடியாகச் சிவப்புக்குப் பாய்ந்தது.

"விடும், விடும்! காத்திலை போகவேண்டியது திரும்பி ரேடியோவுக்குள்ளை வருது. இப்பிடியே அமத்தினால் ரேடியோ எரிஞ்சு போகும்" என்றார்.

இவருடைய முகம் செத்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மனதின் ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. அந்தப் பனிப் பாதையில் இவர் போவதை நினைத்து நான் நித்திரை கொண்டு பல நாளாகியிருந்தது.

அன்ரெனாவைக் கழற்றி அண்ணையின் லொறியில் பூட்டினோம். அங்கே அது வஞ்சகமில்லாமல் வேலை செய்தது. எங்கள் ரேடியோவை அங்கே கொண்டுபோனோம், அதுவும் நல்லாகவே இருந்தது. கேபிளை மாற்றிப் பார்த்தோம். ஊசி மறுபடியும் சிவப்பில். தாங்கிக்குக் கீழே பெயின்ற் தடையாக இருக்கலாம், சுரண்ட வேண்டும் என்றார் அண்ணை. ஆசையாய் அடித்த பெயின்றைச் சுரண்டும்போது இவர் மறுபக்கம் திரும்பி நின்றார். சுரண்டியும் பலனில்லை.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் கம்பிகளுக்கு ஈயம் பற்றவைத்துச் சோதிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே வீட்டுக்குப் போய், மின்சாரம் ஓட வழியிருந்தால் கூவுகிற என் சின்ன மீட்டரை எடுத்துவந்தேன்.

"இனி மனிசி வந்திட்டா" என்றார் இவர்.

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்றேன்.

அன்ரெனாவையும் கேபிளையும் கழற்றச் சொன்னேன். மிச்சம் இருந்தது தாங்கியும், அதன் நடுவே அன்ரெனாவைப் பூட்டுகிற ஆணியும்தான். இரண்டையும் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் வளையம் பிரித்து வைத்திருக்கும். ஆகவே மீட்டரின் ஒரு முனையை ஆணியிலும் மற்றதைத் தாங்கியிலும் வைத்தால் அது கூவக் கூடாது. வைத்தேன். பீ என்று கூவியது.

வளையத்தைப் பார்த்தேன். வெடிப்பு ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தேன், மறுபடியும் கூவியது. அப்போதுதான் என் கண் அதைக் கண்டது. காலையிலிருந்து எங்கள் மூக்குக்கு முன்னாலேயே இருந்தது. ஐயரின் செப்புக் கம்பி ஆணியைச் சுற்றி, வளையத்தைத் தாண்டி, தாங்கியையும் சுற்றி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. பிரிந்திருக்க வேண்டிய இரண்டையும் அது சேர்த்து வைத்திருந்தது. ஒவ்வொரு திருகாணியையும் சந்தேகப்பட்ட மூன்று பேருக்கும் தகட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. இவர் "தகடு கவனம் அண்ணை" என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் கழற்றுவித்தார். அண்ணையோ கை பட்டபோதெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுதான்" என்று காட்டினேன்.

"அதைத் தொடாதையும்!" என்று இவர் பாய்ந்தார். "பயணத்துக்கு முதல் கட்டினதை அவிழ்க்கிறதோ?"

அண்ணை வானத்தைப் பார்த்தார். ஆண்கள் இரண்டு பேரும் இனி அசையமாட்டார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"சரி, கட்டினபடி இருக்கட்டும். அங்கை காட்டுக்குள்ளை வண்டி சறுக்கி நிண்டால் யாரைக் கூப்பிடப் போறியள்? அண்ணைக்குக் கேக்க வேண்டாமோ?"

நான் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினேன். எனக்கும் பயம்தான். பிழை என்றால் என்னோடு போகட்டும், அவரை ஒன்றும் செய்துவிடாதே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே அவிழ்த்தேன். தகட்டை நூலில் கோத்து, உள்ளே ஸ்ரியறிங்குக்கு மேலே, அவருடைய கண்ணுக்கு முன்னால் கட்டினேன்.

எல்லாவற்றையும் பூட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஊசி கீழே படுத்துவிட்டது. இவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

தூரத்துக்குக் கேட்கிறதா என்று பார்க்க அவர் வானை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி லவால் பக்கம் போனார். நான் அண்ணையின் லொறியில் ஏறி இருந்தேன். அண்ணை மைக்கை என் கையில் தந்தார்.

"கூப்பிடும் தங்கச்சி. பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

கலியாணம் கட்டிய நாள் முதல் நான் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. பொத்தானை அழுத்தி, வீட்டில் கூப்பிடுவதுபோலவே "இஞ்சருங்கோ" என்றேன்.

"பொன்ஜூர்!" என்றது அதே அலைவரிசையில் இருந்த யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் தடித்த குரல். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடவில்லை.

"இஞ்சருங்கோ, கேக்குதோ?"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, பக்கத்தில் இருந்து சொல்வதுபோலத் தெளிவாக, அவருடைய குரல் வந்தது. "ஓம், ஓம்! நல்லாக் கேக்குது! பாலம் தாண்டிட்டன். சொல்லும்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இனி இவர் போகத்தான் போகிறார். அனுப்பி வைத்தது என் கைதான். பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன.

"ஒண்டுமில்லை. கவனமாப் போட்டு வாங்கோ" என்றேன்.

வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வர அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் திங்கட்கிழமைப் பயணத்துக்குத்தான் சொன்னேன். அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"ஓம், போட்டு வாறன்" என்றார்.