மிசின்காரர் யாகப்பனின் சிகரெட் டப்பா

செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, யாகப்பன் தம் மிசினின் வட்டத் தட்டைத் திருவண்ணாமலை பஸ் கண்டக்டரின் தோல்பைக்கு நேரே நீட்டுகிறார். காதுக்குழாய் மாட்டியிருப்பது அவர் ஒருவர்தான். ஆகவே ஒலி கேட்பதும் அவர் ஒருவருக்குத்தான். கண்ணை மூடி, சங்கீதம் ரசிப்பவர் போல் தலையை ஆட்டுகிறார்.

"பையில சில்லற இருக்குது கண்டக்டரே. இனிமே யார்கிட்டயும் இல்லன்னு சொல்லாதீங்க."

கடையே சிரிக்கிறது. டீ ஓசியில் வருகிறது. மிசின் வாங்கிய பிறகு யாகப்பன் டீக்குக் காசு கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை.

நீளக் கம்பு, நுனியில் தட்டு, முதுகில் பாட்டரிப் பெட்டி. சண்டைக் காலத்தில் கண்ணிவெடி தேடச் செய்த சாமான். ஐம்பத்தெட்டாம் வருஷம் மதராஸ் மூர் மார்க்கெட்டில், ஓட்டைக் கிராமபோனுக்கும் துருப்பிடித்த தையல் மிசினுக்கும் நடுவே கிடந்ததைப் பேரம் பேசி வாங்கி வந்தார். பட்டாளத்தில் யாகப்பன் வெடி தேடியவர் அல்லர். தேடியவர்களுக்குச் சப்பாத்தி சுட்டவர். இதை அவர் தாமாகச் சொல்வதில்லை.

"தட்டுக்குள்ள ரெண்டு கம்பிச் சுருள். ஒண்ணு பேசும், இன்னொண்ணு கேக்கும். பக்கத்துல உலோகம் வந்தா பேச்சு கலைஞ்சிடும். அதான் கூவுது" என்று விளக்குவார். தங்கத்துக்கும் தகரத்துக்கும் ஒரே கூவல்தான் என்பதை மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொல்வார். கேட்பவர் அசந்தால் சரித்திரமும் உண்டு: "எம்பது வருசம் முன்னாடி அமெரிக்கா ஜனாதிபதிய ஒருத்தன் சுட்டுட்டான். டெலிபோன் கண்டுபுடிச்சவரே இந்த மாதிரி ஒரு மிசினோட வந்து, ஒடம்புக்குள்ள குண்டத் தேடினாரு. மிசினு கத்துது, குண்டக் காணோம். இன்னாடான்னு பாத்தா, கட்டில்ல இருந்த கம்பிச் சுருளு! ஆளு போய்ச் சேந்துட்டாரு."

கோட்டைக்குள் தட்டை நீட்டினால் வாட்ச்மேன் விரட்டுவார். ஆகையால் தொழில் மலையடிவாரப் புன்செய்க் கொல்லைகளில். ராஜா புதைத்த தங்கக் காசுக் குடம் பக்கத்துக் கொல்லையில் இருக்கலாம் என்று நம்பும் ஒருவரையும் செஞ்சியில் காண முடியாது. அவரவர் கொல்லையில்தான் இருக்கிறது. குடத்தைக் காக்கும் பூதம் மிசின் சத்தத்தில் நகர்ந்துவிடாமலிருக்க, பூசாரி துரைக்கண்ணு முதலில் வந்து நாலு மூலையிலும் நடுவிலும் மஞ்சள் பூசிய இரும்பாணி அடித்துக் கட்டுப்போடுவார். பிறகு மிசின் வரும், கூவும், தோண்டுவார்கள். மண்ணோடு ஆணியும் வரும். "கட்டு அவுந்துடுச்சே! பூதம் குடத்தத் தூக்கினு போயிடுச்சே!" என்று பூசாரி தலையில் அடித்துக்கொள்வார். கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்புவார்கள். யாகப்பனின் இடுப்பில் ஒரு சிகரெட் டப்பா தொங்கும். அதில் என்ன என்று கேட்டால் "ஸ்பேர் பார்ட்ஸ்" என்பார், திறந்து காட்டமாட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் பெரியதம்பியின் கொல்லை. அந்த வீட்டின் வருஷச் சோறே அங்கே நின்ற மணிலாதான், ஊர்வாயில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. இன்னும் இருபது நாள் மண்ணில் இருந்தால்தான் காய் முற்றும். காலையில் ஆணி இறங்கியது. உச்சிவேளையில் மிசின் வந்தது.

"அஞ்சு எடத்துல கூவுது" என்றார் யாகப்பன்.

"அஞ்சு குடம்டி பூவாயி!" பெரியதம்பி மண்வெட்டியைத் தூக்கினார். ஐந்து இடத்திலும் ஆள் ஆழம் வெட்டினால் ஒரு செடி மிஞ்சாது.

மனைவி பூவாயி செடிகளுக்கு நடுவிலிருந்து நகரவில்லை. "குடமா? பூசாரி அடிச்சது அஞ்சு ஆணி. மிசினு கத்துறது அஞ்சு எடம். இது கூடவா புரியல ஒனக்கு?"

"பூதம் காதுல உழுந்துடப் போவுது, வாய மூடும்மா" என்றார் பூசாரி.

"உழட்டும். மல்லாட்ட போச்சுன்னா பூதமா எனக்குக் கஞ்சி ஊத்தும்?" அவள் நடு ஆணியைக் களைக்கொத்தியால் கெல்லிப் பிடுங்கினாள். அதுவும் இரும்பாயிற்றே என்று கொத்தியை வரப்புக்கு அப்பால் வீசினாள். ஆணியோடு பத்தடி தள்ளி நின்றாள். "இப்ப வையிய்யா அந்த ஆணிக் குழியில ஒன் தட்ட."

யாகப்பன் வைத்தார். காதுக்குழாயில் சுவர்க்கோழிச் சத்தம்கூட இல்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கூவுதாண்ணே?" பெரியதம்பியின் மண்வெட்டி தலைக்கு மேல் நின்றது. பூசாரி கண்ணால் ஜாடை காட்டினார். கொல்லை மூலைக் குடிசையிலிருந்து கோழி வேகும் வாசனை வந்தது.

யாகப்பன் காதுக்குழாயைக் கழற்றினார். பூவாயியிடம் போய் ஆணியை வாங்கி, அதன் மண்ணை வேட்டியில் துடைத்தார். இடுப்பிலிருந்த சிகரெட் டப்பாவைத் திறந்து, உள்ளே மஞ்சள் மங்காமல் கிடந்த நாற்பது ஐம்பது ஆணிகளோடு அதையும் போட்டார். பிறகு மூடியை மூடாமல், டப்பாவைப் பெரியதம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.