ரிப் துணி சுற்றிய கதவுகள்

நாகஜோதிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரின் அருகே நின்றாலும் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பாள். தர்பூசணி வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல. கடைக்கு வந்த வண்டிதான் என்றில்லை. கல்யாண மண்டப வாசலில் நிற்கிற வண்டி, ரேஷன் கடைக்கு எதிரே நிற்கிற வண்டி, எதுவானாலும் கை தானாகப் போய்விடும். பிறகு வண்டிக்காரர் பார்த்துவிட்டாரோ என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடப்பாள். திருப்பூர் நல்லூரில் அவளைத் தெரிந்தவர்கள் பத்து வருடமாக இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கதவுக்குள் ஏதாவது ஆடுகிறதா என்பதைத்தான் அவள் கேட்கிறாள்.

வயது முப்பத்தாறு. உசிலம்பட்டிப் பக்கம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர் வந்தவள். வீட்டில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினாள். வயது வந்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள், அதன்பிறகு ஓவர்லாக் மெஷின். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் போதும், கால் மெஷினை மிதிக்க மறந்துவிடும். யாராவது குரலை உயர்த்தினால், தப்பு யாருடையதாக இருந்தாலும் அவள்தான் தலையைக் குனிவாள். வாய் திறந்து கேட்கப் பயந்ததால் எல்லாவற்றையும் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

காங்கயம் ரோட்டோரம் குகன் என்பவர் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கிறார். சீட் கவர் தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். ஒருநாள் குகன் ஒரு காரின் கதவில் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்குரூ ஒன்று கதவின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது. அவருடைய மணிக்கட்டு அந்த ஓட்டையில் நுழையவில்லை. காந்தத்தை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தார். அது கதவுத் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. நாகஜோதி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, தன் மெலிந்த கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஸ்குரூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

“ஏனம்மிணி, இந்தக் கைய வெச்சுக்கிட்டா சீட் கவர் தெச்சுட்டிருக்கற?” என்றார் குகன்.

அன்றிலிருந்து கதவு வேலை அவளுடையது. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றுவது, உள்பக்கத்து அட்டையைக் கிளிப் உடையாமல் பிரிப்பது, கம்பெனி வைத்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டுப் புது வளையம் பொருத்தி, புது ஸ்பீக்கரை உட்காரவைப்பது, கண்ணாடி இறங்கும்போது அதன் முதுகில் இடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. கதவு அவளிடம் பேசுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, அவளும் கதவுக்குப் பயப்படுவதில்லை.

ஆனால் ஸ்பீக்கர் பாடினால் மட்டும் போதாது. பெரிய ஸ்பீக்கர் அதிரும்போது கதவுக்குள் இருக்கிற எல்லாமே கூடச் சேர்ந்து அதிரும். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற மெல்லிய கம்பிதான் எல்லாவற்றையும்விடக் கடகடக்கும். அதற்கென்று விற்கிற ஒட்டுப் பட்டையைக் கூடுதல் செலவு என்று எல்லோரும் போடச் சொல்வதில்லை. போன சித்திரையில் நாகஜோதிக்கு ஒரு யோசனை தோன்றியது. பனியனின் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை ஆயிரம் கழுத்தை அவள் இழுத்துப் பார்த்திருக்கிறாள், ஒன்றாவது தொங்கியதுண்டா? கம்பெனிகளில் அது கட்டிங் வேஸ்டாக மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஒரு துண்டை எடுத்து அந்தக் கம்பியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். கடகடப்பு இல்லை.

குகன் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். வருகிற ஆளிடமெல்லாம், “எங்க அம்மிணி கண்டுபுடிச்சதுங்க” என்றார். அவள் தானாக யோசித்துச் செய்த ஒரே காரியம் அது. அதன்பிறகு ஐப்பசி வரை இருபத்து மூன்று வண்டிகளின் கதவுகளுக்குள் ரிப் துணி சுற்றினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் பெய்த பிறகு, பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் செங்கோட்டையன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்க இடது கதவு உள்ளேயிருந்தும் திறக்கவில்லை, வெளியேயிருந்தும் திறக்கவில்லை.

“பாட்டு நல்லாத்தான் பாடுதுங்க, கதவுதான் தொறக்க மாட்டீங்குது. எங்கூட்டுக்காரி அந்தப் பக்கமா ஏறி நவுந்து நவுந்து வர்றா. ரெண்டு கிலோ கொறஞ்சுட்டான்னா உங்களுக்குத்தான் புண்ணியம்” என்று சொல்லிவிட்டு, குகனோடு டீ குடிக்கப் போனார்.

நாகஜோதி மறுபக்கமாக ஏறி, அட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். விரலில் குளிர்ந்து வழவழவென்று எதுவோ பட்டது. கண்ணாடி இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவதும், அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வடிந்துவிடுவதும் அவளுக்குத் தெரியும். ஆனால் ரிப் துணி நாள்கணக்கில் நனைந்து, கதவைச் சாத்தும்போதெல்லாம் அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து இறங்கும் என்று அவள் நினைத்ததில்லை. கழுத்துத் துணியை யாரும் அப்படி நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்ததில்லை. துணி கம்பி வழியே நழுவி, பூட்டின் வாய்க்குள் போய்ச் சிக்கி, பல்லுக்கிடையில் மாட்டிய நார்போல இறுகிக் கிடந்தது.

அதை வெட்டி எடுத்தாள். கதவு திறந்தது. டீக்கடைப் பக்கம் பார்த்தாள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். துணியைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மற்ற மூன்று கதவுகளையும் பிரித்து அங்கிருந்தவற்றையும் எடுத்தாள். அவசரத்தில் கிளிப் இரண்டு உடைந்தன. என்ன ஆச்சு என்று குகன் கேட்டபோது, துரு என்றாள்.

அன்று முழுக்க அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். இருபத்து மூன்றில் ஒன்று போக இருபத்திரண்டு. அத்தனையும் மழையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கேயாவது ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கினால், எங்கேயாவது இன்ஜினில் புகை வந்தால், உள்ளே இருக்கிறவர் கைப்பிடியை இழுப்பார். இழுத்துக்கொண்டே இருப்பார். வீட்டில் குக்கர் விசிலடித்தபோதுகூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புருஷன் மூக்கையாவிடம் சொன்னாள். சாயப்பட்டறையில் நின்று களைத்து வந்தவன், சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

“யாருக்கும் ஒன்னும் ஆகலேல்ல? வாய மூடிக்கிட்டு இரு. மழ நின்னா எல்லாம் காஞ்சுரும்.”

“அதுக்குள்ள ஆயிருச்சுன்னா?”

“உன் பேரு கதவுலயா எழுதியிருக்கு?” என்றான் அவன்.

அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பத்து நாளைக்கு முன்பு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரதீப் என்பவர் ஸ்பீக்கர் மாட்ட வந்திருந்தார். கூட அவர் மனைவி கீதாஞ்சலி, நிறைமாதம். பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள், வழியில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டாள் என்றார். வேலை முடிகிற வரை கீதாஞ்சலி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாகஜோதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகஜோதியின் பெயரைக் கேட்ட ஒரே கஸ்டமர் அவள்தான். அந்த வண்டியின் நான்கு கதவிலும் துணி இருந்தது.

மறுநாள் குகன் சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். கடை நோட்டில் பிரதீப்பின் நம்பர் இருந்தது. பத்து வருடத்தில் நாகஜோதி ஒரு கஸ்டமருக்கும் போன் செய்ததில்லை. சொல்ல வேண்டியதைக் கடைக்குப் பின்னால் நின்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அழைத்தாள். அவர் கட் செய்தார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அப்படி இருந்ததே அவளைக் கூசச் செய்தது. மறுபடி அழைத்தாள்.

பிரதீப் எடுத்தார். வண்டி உடுமலையில் மாமியார் வீட்டில் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக இருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தான் பஸ்ஸில் வந்துவிட்டதாகச் சொன்னார். பின்னால் ஒரு கதவு திறக்காமல்தான் இருக்கிறது, குழந்தைகள் திறந்துவிடாமல் தடுக்கிற சைல்டு லாக் விழுந்துவிட்டது என்று நினைத்தாராம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

“சார், ஞாயித்துக்கெழம வரைக்கும் வேணாம் சார்.” அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. “கதவுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இன்னிக்கே வந்து எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் மேடத்த அதுல ஏத்த வேணாம்னு சொல்லுங்க.”

பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கி, ஸ்குரூ டிரைவரையும் கட்டரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பல்லடம் தாண்டியதும் மழை வலுத்தது. காற்றாலைகளின் இறக்கைகள் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தன. எதிரே வருகிற ஒவ்வொரு காரின் கதவையும் பார்த்துக்கொண்டே போனாள். ஆம்புலன்ஸ் ஒன்று கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

தென்னந்தோப்பு ஓரம் வீடு. கீதாஞ்சலியின் அம்மா கருப்பாத்தாள் குடையோடு வந்து, தகரக் கொட்டகைக்கு வெளியே பாதி நனைந்தபடி நின்ற வண்டியைக் காட்டினார். இதற்குள் பின்கதவு இரண்டுமே செத்துக் கிடந்தன. நாகஜோதி முன்பக்க இடது கதவைத் திறந்து, சீட்டுகளுக்கு நடுவே ஊர்ந்து பின்னால் போனாள். சீட்டு நனைகிறதே என்று கருப்பாத்தாள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, சாவியோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

சாத்திய சத்தம் கேட்டதும் நாகஜோதி திரும்பினாள். மறுபடி முன்னால் ஊர்ந்து வந்து கைப்பிடியை இழுத்தாள். அது கனமே இல்லாமல் கையோடு வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். கதவு அசையவில்லை. கண்ணாடி இறங்கவும் சாவி வேண்டும். தகரத்தில் மழை கொட்டுகிற இரைச்சலில் தட்டினால் யாருக்குக் கேட்கும்? ஹாரன் அடிக்கலாம். ஆனால் அந்த நேரத்திலும் முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது. ஸ்டியரிங்கில் இடுப்பு இடிக்க டிரைவர் பக்கம் நகர்ந்தாள். தன்னாலேயே நகர முடியவில்லை, நிறைமாத வயிற்றோடு ஒருத்தி எப்படி நகர்வாள்? டிரைவர் கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை உள்ளே எதுவோ கிழிகிற சத்தத்தோடு கதவு திறந்தது. மழையில் காலை வைத்து அப்படியே நின்றாள். பிறகு திரும்ப உள்ளே போனாள். இந்தத் தடவை கதவை அகலத் திறந்து வைத்து, வாசலில் கிடந்த கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு.

நான்கு கதவையும் பிரித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஈரத் துணிகளை வாசற்படியில் வரிசையாக வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கருப்பாத்தாள் ஒரு துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, பாட்டுக் கேக்கறதுக்குக் கதவவே தெச்சுப்போட்டயா?”

நாகஜோதி மீதித் துணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். கீதாஞ்சலி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“நான் அந்தப் பின்கதவோரந்தானுங்க உக்காருவேன்” என்றாள். பிறகு உள்ளே போய், நாகஜோதிக்குத் தலை துவட்டத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் குகன் முன்னால் அந்தத் துணிகளை வைத்தாள். வேலை போய்விடும் என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். துரு என்று பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். குகன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“நீ சுத்துனது நம்ம வண்டியோட போச்சம்மிணி. நானு இதப் பல்லடத்துலயும் அவிநாசியிலயும் மூணு கடைக்காரங்களுக்குப் பெருமையாச் சொல்லிக் குடுத்துப்போட்டனே” என்றார்.

அன்றே கடை நோட்டை எடுத்துவைத்து இருவரும் மாறி மாறிப் போன் செய்தார்கள். பாதிப்பேரை நாகஜோதிதான் கூப்பிட்டாள். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், பாட்டு நன்றாகக் கேட்கிறது, கதவைத் தொடாதே என்றார். அவரையும் வரவழைத்தார்கள். கீதாஞ்சலிக்கு அந்த வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. மழைக்குள் அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று பிரதீப் போனில் சொன்னார்.

இப்போது மாசி. நாகஜோதி அதே கடையில் அதே வேலையைச் செய்கிறாள். கம்பிக்கு ஒட்டுப் பட்டைதான் போடுகிறாள், அது வேண்டாம் என்கிறவர்களுக்குக் கடகடப்போடு விட்டுவிடுகிறாள். இருபத்து மூன்று வண்டிகளில் இருபதில் துணியை எடுத்தாகிவிட்டது. ஒன்றை உரிமையாளர் பாலக்காட்டுப் பக்கம் விற்றுவிட்டார். இரண்டின் நம்பர்கள் கிடைக்கவில்லை. குகன் சொல்லிக்கொடுத்த மூன்று கடைகளில் இரண்டில் துணி சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர், இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று சிரிக்கிறார். அந்தக் கடையிலிருந்து போன வண்டிகளில் எத்தனை கதவுகளுக்குள் துணி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.