கால் கேட்ட பாட்டு

திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். ஆளுயரத் திரையையும் ஒரே மூச்சில் நூல் பிடித்தாற்போல் தைத்து இறக்கிவிடுவாள். பேச்சும் அப்படித்தான். நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

வேலை ஓட அவளுக்குப் பாட்டு வேண்டும். நீளத் தையலுக்கு நிதானமான பாட்டு, சின்ன மடிப்புக்குத் துள்ளல் பாட்டு. மெஷின் மிதியில் இருக்கும் கால் பாட்டோடுதான் போகும். எல்லாமே கல்யாணத்துக்கு முன்பு கேட்ட பாட்டுகள். அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் பாடவே இல்லை என்பதுபோல இருந்துவிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பிள்ளையாக வாய்த்தவன் டிரம்ஸ் அடிக்கிறவன். நண்பர்களோடு சேர்ந்து பதிவு செய்த முதல் பாட்டை ஆசையாக அவள் போனிலேயே ஏற்றிப் போட்டுக் காட்டியபோது, "தகரத்தை உருட்டுற மாதிரி இருக்கு, நிறுத்துடா" என்றுவிட்டாள். நிறுத்தினான். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் பேச்சையும் நிறுத்திவிட்டான். இவளாகக் கூப்பிட்டால் இருக்கேன் என்பான், அவ்வளவுதான். கடையில் சொல்லிச் சொல்லிப் புலம்பினாள்.

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றாள், கடையில் துணி வெட்டும் தங்கை. பொய் என்று கண்டுபிடித்தால் பிறகு எதையுமே நம்பமாட்டான் என்று அக்கா மறுத்துவிட்டாள். அப்படியானால் பிடிக்கும்வரை கேட்பது ஒன்றுதான் வழி. சொன்னால் சிரிப்பீர்கள், அதைத்தான் செய்தாள். பழைய பாட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, தினமும் அந்தத் தகர உருட்டலை ஓடவிட்டுத் தைத்தாள். தங்கை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வெட்டினாள். பிள்ளைக்காக உயிரைக்கூடக் கொடுப்பார்கள், காதைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

ஒரு மத்தியானம் தங்கை ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள். விடுதிக்குப் போகவேண்டிய திரையில் தையல் பாம்பு போன தடம் மாதிரி வளைந்து கிடந்தது. அந்தப் பாட்டில் ஓரிடத்தில் டிரம்ஸ் சட்டென்று நின்று, பிறகு பாயும். காலும் கூடவே நின்று பாய்ந்திருக்கிறது, கைக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக் கெடுத்தறியாதவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிரிக்கக்கூட உட்காரவில்லை, மகனைக் கூப்பிட்டாள்.

"உன் பாட்டால ஒரு திரையவே கெடுத்துட்டேன்டா."

அவனுக்கு விளங்கவில்லை. எந்த இடம், கால் என்ன செய்தது என்று விவரமாகச் சொன்னாள்.

"அப்ப பிடிச்சிருக்காம்மா?"

"அந்த இடம் பிடிச்சிருக்கு. பாடுறவன் எதுக்குக் கத்துறான்னுதான் புரியல. இந்த மாதிரி வேற இருந்தா அனுப்பு."

அனுப்பினான். பாஷை தெரியாத பாட்டு, பாஷையே இல்லாத பாட்டு, எல்லாம் வந்தது. சிலதில் சொக்கிப்போனாள். சிலதை, இதில் சரக்கே இல்லை என்று தயவுதாட்சண்யம் பார்க்காமல் தள்ளினாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் குதிப்பான், இவள் இறங்கி வரமாட்டாள். இப்போதெல்லாம் கடையை மூடும் நேரத்துக்கு அவனே கூப்பிடுகிறான், முந்தின நாள் விட்ட சண்டையைத் தொடர.