பதில் வராத கயிறு

கப்பலின் அடிப்பகுதியைப் பார்க்க ஆள் மூழ்கியிருக்கும்போது, அந்த ஆளின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி எங்கள் மேற்பார்வையாளர் படகில் உட்கார்ந்திருப்பார். கண் தண்ணீரில் இருக்கும். வாய் யோக சாத்திரம் பேசும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் அவருக்குக் கீழே முக்குளிப்புப் பதிவேடு எழுதிய எனக்கு அவர் அண்ணாச்சி. பழைய யோகத்தை மேலைநாட்டு ஆழ்மன உளவியலோடு சேர்த்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அனுபவங்கள் சித்தத்தில் விட்டுப்போகும் பதிவுகளை யோகம் சம்ஸ்காரம் என்கிறது; நமக்குத் தெரியாமலே அவை நம்மை நடத்துகின்றன; உளவியலார் நனவிலி என்பதும் ஏறக்குறைய இதுதான் என்பார். "ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிராதல. உளவியல்காரன் அடியில கெடக்கதப் பேசவச்சு வெளிய எடுக்கான். யோகி அது முளைக்காம விதையவே வறுக்கான். ஆனா மூடி வைன்னு ரெண்டு பேருமே சொல்லல, கேட்டியா?"

நான் கேட்கவில்லை. மனத்தின் அலை அடங்க வேண்டும் என்று யோகம் சொல்வதாக அவர் சொன்ன ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கல்லூரி வாசலில் தோழி லாரியில் அடிபட்டுச் சாவதை என் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். நாள் முழுக்க அழுதாள். பயந்துபோன நான் அவளைத் தினமும் கண்ணை மூடி உட்காரவைத்தேன். அழுகை வந்தால் மூச்சைக் கவனி என்றேன். ஒரு மாதத்தில் அழுகை நின்றது. "பிள்ளை அமைதியாயிட்டா அண்ணாச்சி" என்று படகில் பெருமையாகச் சொன்னேன்.

அவர் கயிற்றை ஒருமுறை சுண்டினார். கீழேயிருந்து ஓர் இழுப்பு பதிலாக வந்தது. நலம் என்று பொருள். பதில் வராவிட்டால் காத்திருக்கக் கூடாது, ஆளை மேலே இழுத்துவிட வேண்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த விதியை எழுதியவனே நான்தான்.

"கயிறு சும்மா கெடந்தா, உள்ள இருக்கவன் சொகமா இருக்கான்னா எழுதுவ? வீட்டுல மட்டும் எப்படில எழுதுன?" என்றார்.

அன்று மாலை மகளிடம் கேட்டேன். "அழுகை வரலப்பா. பசியும் வரல. நீங்க கூப்பிடுதது எங்கயோ தூரத்துல கேக்கு" என்றாள். மறுநாளே மனநல மருத்துவரிடம் ஓடினோம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்ற நினைப்பு என்னை இன்றும் விடவில்லை.

அண்ணாச்சி ஓய்வுபெற்று மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்த வருடமே இறந்தும் போனார். மகள் இப்போது மறுபடியும் அழுகிறாள், கத்துகிறாள், பாத்திரத்தை எறிகிறாள். மருத்துவர் நல்லது என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. களைத்துவிட்டேன்.

இன்று காலை காப்பி கொண்டுபோனபோது சொன்னாள்: "அவ ரத்தம் என் செருப்புல இருந்துச்சுப்பா. அதச் சொல்ல வந்தன்னைக்குத்தான் நீங்க கண்ண மூடச் சொன்னீங்க."

காப்பியைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொல்லுளா" என்றேன். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.