மரணக் கிணற்றில் மாற்று ஆள்

கிணற்றுக்கு ஒரு கதவு உண்டு. பார்க்க வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. பலகைச் சுவரிலேயே ஓர் ஆள் வண்டியோடு நுழையும் அளவுக்கு அறுத்துக் கீல் போட்டிருப்பார்கள். நாம் உள்ளே போனதும் வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவார்கள். கதவை மூடினால்தான் சுவர் முழுசாகும், முழுசானால்தான் அதன்மேல் வண்டி ஓடும். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. அதை முதல் நாளே பார்த்துவிட்டேன். பார்த்தும் உள்ளே போனேன், என்னத்தைச் சொல்ல!

மரணக் கிணறு என்றால் தோண்டின கிணறு இல்லை. திருவிழாப் பொருட்காட்சிகளில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்குமே, மரப்பலகையால் கட்டின பெரிய பீப்பாய், அதுதான். ஜனங்கள் படியேறி மேல் விளிம்பைச் சுற்றி நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் உள்சுவரில் மோட்டார் சைக்கிளைப் படுக்கவைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவோம். சுற்றுவோமே தவிர எங்கும் போய்ச் சேர மாட்டோம்.

அது முதலில் என் வீட்டுக்காரர் வேலை. திருவையாற்றுப் பக்கம் குத்தகை நிலத்தில் குறுவை போட்டுக்கொண்டிருந்தவர்தான் அவர். மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் ஆறு மணலாகக் கிடந்த வருஷங்களில் நாற்றங்காலிலேயே எல்லாம் காய்ந்து போனது. வண்டி நன்றாக ஓட்டுவார் என்பதால் யாரோ பொருட்காட்சிக்காரரிடம் சேர்த்துவிட்டார்கள். கல்யாணமாகி நானும் கூடாரத்துக்கு வந்தேன். மகள் பிறந்தாள்.

அப்போதெல்லாம் தெருவுக்கு நாலு பேர் துபாய், மஸ்கட் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு வீடெல்லாம் மாடியாகிக்கொண்டிருந்தது. இவருக்கும் ஆசை வந்தது. எங்கள் முதலாளியின் மச்சான் சவூதியில் இருந்தார். தண்ணீர் லாரி ஓட்ட அவர் மூலமாகவே விசா வந்தது. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பொருட்காட்சி வழக்கத்தை விட மாட்டார். கிணற்றை விட்டுப் போகிறவன் தன் இடத்தில் சுவர் ஏறத் தெரிந்த ஒரு மாற்று ஆளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். நிறுத்தாமல் போனால் எந்தப் பொருட்காட்சியிலும் அவனுக்கு மறுபடி இடமில்லை. விசாவும் முதலாளி வீட்டுச் சம்பந்தம், சொல்ல வேண்டுமா!

இவர் எங்கெங்கோ ஆள் தேடினார். வந்தவர்கள் எல்லாம் மேலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போனார்கள். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே இழுத்தார்.

“நீதான் வண்டி ஓட்டுவியே புள்ள.”

“ஆமா, ரோட்டுல ஓட்டுவேன். செவுத்துலயா ஓட்டுவேன்?”

“ரெண்டே வருஷம். நான் வந்ததும் நீ எறங்கிடு. நான் ஏறிக்கிறேன். சத்தியமாச் சொல்றேன்.”

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார். பாவம் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பாவம்தான் என்னைக் கதவுக்குள் தள்ளியது.

வாந்தி எடுத்தே பழகினேன். பலகையைப் பார்த்தால் தலை சுற்றும், சுவரின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. சுவரில் இருக்கும்போது எது நடந்தாலும் பிரேக்கை நினைக்கக் கூடாது. வேகம்தான் நம்மைச் சுவரோடு ஒட்டிவைத்திருக்கிறது. பயம் வந்தால் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்க வேண்டும். உலகத்தில் பயந்தவர்கள் எல்லாம் நிற்பார்கள், கிணற்றில் பயந்தவள் இன்னும் வேகமாக ஓட வேண்டும். இதை அவரேதான் என் பின்னாலிருந்து கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் விமானம் ஏறினார். மகளைத் திருவையாற்றில் என் அக்கா வீட்டில் விட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு நெருங்குகிறதே, பொருட்காட்சி லாரிக்குப் பின்னால் ஊர் ஊராக எப்படி அலைவாள்? முதலாளிக்கோ ஏக சந்தோஷம். பெண் ஓட்டுகிறாள் என்றதும் கூட்டம் முண்டியடித்தது. “பெண் புலி, டெல்டாவின் பெண் புலி!” என்று மைக்கில் கத்துவார். புலியாம் புலி! காய்ச்சலில் கிடந்த மகளைப் போய்ப் பார்க்க ஒருநாள் லீவு கேட்டால், “ஏம்மா, திருவிழா நேரத்துல நீ போயிட்டா நான் யார ஏத்துறது? எனக்கு மாத்து ஆளு இருக்கா?” என்று கேட்கப்பட்ட புலி.

தாராசுரத்தில், மயிலாடுதுறையில், மாதா கோயில் திருவிழாக்களில் என்று சுற்றினேன். மேலிருந்து ஜனங்கள் கையை நீட்டி ரூபாய் நோட்டைக் காட்டுவார்கள். சுவரோடு மேலே ஏறிப் போகிற வேகத்தில் அதைப் பிடுங்க வேண்டும், அதற்குத்தான் கைதட்டல். விளிம்புக்கு ஒரு முழம் கீழே சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோட்டுக்கு மேலே வானம் தெரியும், யாருடைய தோளிலாவது உட்கார்ந்திருக்கும் குழந்தை தெரியும். பார்க்காதே, எதிர்ப்பக்கம் பார் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

எஸ்.டி.டி. பூத்தில் காத்துக் கிடந்து பேசும்போது, “வந்ததும் நீ எறங்கிடலாம் புள்ள” என்று அவர் தவறாமல் சொல்வார். மகளிடம் பேசினால், “நீ எப்பம்மா வருவ?” என்பாள். அப்பா வந்ததும் என்பேன். இதையே இரண்டு வருஷம் சொன்னேன்.

அவர் வந்தார், சொன்ன சொல் தவறாமல். கொஞ்சம் தொப்பையோடு, செண்ட் வாசனையோடு, நேராகத் திருவையாறு போய் மகளையும் அழைத்துக்கொண்டு மயிலாடுதுறைக்கு வந்து இறங்கினார். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. “அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்” என்று டிக்கெட் கிழிப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துணிமணியை முந்தின நாளே மூட்டை கட்டிவிட்டேன். அன்று சாயந்திர ஆட்டத்தில் அவர் ஏறுவது, நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறுவது என்று பேச்சு.

காலையில் கூட்டமில்லாத நேரம் பழகிப் பார்க்க உள்ளே போனார். நான் மேலே விளிம்பில் நின்றேன். ஜனங்கள் நிற்கும் இடத்தில் அதற்கு முன் நான் நின்றதே இல்லை. தரையில் சுற்றினார். தரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அடிச்சரிவில் ஏறினார். சுவருக்கும் ஏறிவிட்டார், எனக்கு உயிர் வந்தது. அரைச் சுற்றுகூடப் போயிருக்க மாட்டார், கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி சர்ரென்று வழுக்கிச் சரிவில் விழுந்தது.

“என்னங்க, பிரேக்கா போடுறீங்க? கெணத்துல பிரேக்கா?” என்று மேலிருந்து கத்தினேன்.

“தெரியாமப் போட்டுட்டேன்.”

மறுபடி ஏறினார். மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவை முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. இரண்டு வருஷம் பாலைவனத்து ரோட்டில் பெரிய லாரியைப் பத்திரமாக ஓட்டி ஓட்டி அவர் கால் மனிதக் கால் ஆகிவிட்டது. பயம் வந்தால் நிற்கத் தெரிந்துகொண்டது. நல்ல விஷயம்தானே? அடப்பாவி, அந்த நல்ல விஷயம் என் தலையிலா வந்து விழ வேண்டும்!

கீழே இறங்கிப் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னால முடியல புள்ள. கால் கேக்க மாட்டேங்குது.”

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். முதலாளி கதவருகில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, “அப்ப சாயந்தரம் யாருப்பா ஏறுறது?” என்றார். அவர் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. மூட்டையைப் பிரித்து, ஆட்டத்துக்குப் போடும் சட்டையை எடுத்தேன்.

சாயந்திரம் கதவு மூடியது. வெளியே தாழ் விழும் சத்தம் கேட்டது. வண்டியை உதைத்தேன், ஏறினேன். இரண்டாவது சுற்றில் பார்த்துவிட்டேன்: விளிம்பில் அவர் மகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பார்க்காதே என்று சொன்னால் கண் கேட்கிறதா? நோட்டு நீட்டின கைகளுக்கு நடுவில் அவள் கையும் நீண்டிருந்தது. அதில் நோட்டு இல்லை, வெறுங்கை. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கை அதே இடத்தில் இருந்தது. ஏதோ கத்திக்கொண்டே இருந்தாள், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

மற்ற நோட்டுகளை விட்டுவிட்டேன். சிவப்புக் கோடு வரைக்கும் ஏறி அவள் விரலைத் தொட்டேன். தொட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். அவள் சட்டென்று என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடிதான். அவள் உடம்பு அப்பா கையிலிருந்து நழுவி முன்னால் வருவது தெரிந்தது. கையை உதறினேன். வண்டி தடுமாறியது, முறுக்கினேன், மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டது. மேலே ஜனங்கள் கைதட்டினார்கள். வித்தை என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்து கதவைத் திறந்ததும் ஓடினேன். அவர் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் நடுங்கவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

“எல்லாரும் ஒன்ன வெளிய தூக்கத்தான கைய நீட்டுனாங்க” என்றாள். “நீ யாரு கையையும் புடிக்கல. நான் கெட்டியாப் புடிச்சேன். நீதாம்மா விட்டுட்ட.”