ஜனுவாரியோவின் சட்டையில் வீசிய வாசனை

சுல்மிராவின் வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே இருந்தன. நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அளவுக்குத்தான் சந்து. அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் ஊரான போவென்துராவில் மற்ற பெண்களைப் போல அவளும் துணியில் பூவேலை செய்து பட்டணத்து ஏஜெண்டிடம் கொடுத்துப் பிழைத்தாள். கை வேகம். வாய் அதைவிட வேகம்.

அவள் புருஷன் ஜனுவாரியோ பாறையில் தொங்குகிறவன். மலைக்குப் பின்னாலிருந்து தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவரக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கால் ஊன்ற இடமில்லாத செங்குத்துப் பாறை. இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து இறக்குவார்கள். தொங்கியபடியே உளியடிக்க வேண்டும். மேலே நின்று கயிறு விடுகிறவர்களில் சுல்மிராவின் தம்பி பெல்மிரோவும் ஒருவன். தன் புருஷனின் உயிர் தன் தம்பி கையில் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு தைரியம். கயிறு நைந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று ஆட்கள் மேஸ்திரி எர்குலானோவிடம் கேட்டிருந்தார்கள். பண்டிகை கழியட்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் சுல்மிரா சொந்தமாகப் பன்றி வளர்த்திருந்தாள். அதுவரை அடுத்தவர் வீட்டுப் பன்றியில் பங்கு கேட்டு நின்றவர்கள். கிறிஸ்து பிறப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் அதை அறுத்தார்கள். இறைச்சியைத் துண்டு போட்டு, தட்டிய பூண்டு, பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்து மண்பானையில் போட்டாள். பாதி ஒயினும் பாதி ஒயின் புளித்த காடியுமாக மூழ்க ஊற்றி, தட்டு மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். பண்டிகை அன்று காலை வறுக்க வேண்டிய இறைச்சி. அந்த வாசனை சந்து முழுக்க நின்றது.

ஜனுவாரியோவுக்குப் பொறுக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது பானையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏய், ரெண்டு துண்டு வறுத்துக் குடேன். அங்க குளிர்ல வெறும் ரொட்டி இறங்க மாட்டேங்குது."

"இன்னும் ஊறல. பாலன் பொறக்கறதுக்கு முன்னாடி உனக்குப் பந்தி கேக்குதா?"

"பாலன் கோவிச்சுக்க மாட்டார். நீதான் கோவிச்சுக்குவ."

திட்டிக்கொண்டேதான் வறுத்தாள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துப் பிசைந்து சுட்ட ரொட்டியைப் பிளந்து, வறுத்த கொழுப்பில் ஒரு புரட்டு புரட்டி, ஊறல் தண்ணீரையும் மேலே தெளித்து, நடுவில் இறைச்சியை வைத்து அமுக்கித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் அதைச் சூட்டோடு சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "அடுப்பையே கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

மதியத்துக்கு முன்பே கயிறு அறுந்தது.

தூளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். முன் கொம்பைத் தோளில் தாங்கி வந்தவன் பெல்மிரோ. சுல்மிரா கத்தவில்லை. "உள்ள கொண்டாங்க, கால் அந்தப் பக்கம்" என்று வழி சொன்னாள். அவள் மகள் ஒதீலியாவை நான் என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். எழுதிக்கொண்டு போனார். பிறகு நாங்கள் இருவரும் ஜனுவாரியோவைக் குளிப்பாட்டிக் கல்யாணக் கோட்டை மாட்டினோம். சட்டையில் ரத்தமும் ரொட்டியும் பூண்டும் ஒயினும் ஒன்றாகப் பிசைந்து கிடந்தது. அவள் அதை ஓடைக்கு எடுத்துப் போய்த் துவைத்துக் காயப்போட்டாள். எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. மேட்டுக் கிராமத்திலிருந்து நடந்து வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. சுல்மிரா கல்லை இறக்கி வைத்து, தட்டைத் திறந்து, அடுப்பு மூட்டினாள்.

"பண்டிகைக்குப் போட்டது. அவருக்காக வந்தவங்க சாப்பிடட்டும்."

எல்லாரும் கையில் ரொட்டியோடு தலையைக் குனிந்துகொண்டு தின்றோம். அவ்வளவு ருசி. அந்த ருசியே வெட்கமாக இருந்தது. பெல்மிரோ மட்டும் தொடவில்லை. வாசல் சுவரில் சாய்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு இழுத்துக் கிழித்த கைகள். மிச்ச இறைச்சியைச் சுல்மிரா பன்றிக்கொழுப்பை ஊற்றி மூடி வைத்தாள்.

வேலையில் செத்தவன் பெண்டாட்டிக்குக் கால்வாய்க் குத்தகைக்காரர்கள் ஏதோ ஒரு தொகை மாதாமாதம் கொடுக்க வேண்டும். ஜனவரியில் அதைக் கேட்கச் சென்றவளை ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். குடித்துவிட்டு இறங்கினான், அவன் தப்பு, என்றார்கள். டாக்டர் ஒயின் வாசனை என்று எழுதியிருக்கிறார். கயிறு பிடித்த சொந்த மைத்துனனே சாட்சி கையெழுத்து போட்டிருக்கிறான்.

அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். பெல்மிரோ விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"எந்தக் கையில கையெழுத்துப் போட்ட?"

"அக்கா, உக்காரு."

"எந்தக் கைன்னு கேட்டேன்."

அவன் கோடரியைக் கீழே வைத்தான். "வாசனை வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீயும் அந்தப் பானையைப் பார்த்தவன்தானடா."

"அதை யாரும் கேக்கல."

"கயிறு?"

"கயித்தைப் பத்தியும் யாரும் கேக்கல."

சுல்மிரா அவன் முகத்தில் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் அவன் பிளந்த விறகை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலையில் கொழுப்பில் புதைத்த இறைச்சியைத் தோண்டி எடுத்து வறுத்தாள். அன்று செய்தது போலவே ரொட்டியில் வைத்து, ஊறல் இல்லாததால் ஒயினும் காடியும் தெளித்து, துணியில் சுற்றி, தன் மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கடலோரப் பாதையில் ஆபீஸ் வரைக்கும் நடந்தோம். போய்ச் சேரும்போது அவள் நெஞ்செல்லாம் ஈரம். பக்கத்தில் நடந்த எனக்கே குடிகாரியோடு நடப்பது போல இருந்தது.

மேசைக்குப் பின்னால் இளைஞனாக ஒரு குமாஸ்தா.

"ஐயா, என்மேல என்ன வாசனை வருது?"

அவன் சங்கடமாகப் பார்த்தான். "ஒயின் மாதிரி..."

"நான் குடிச்சிருக்கேனா? ஊது, ஊதிக் காட்டுன்னு சொல்லுங்க, காட்டுறேன்." பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். "இதுதான் என் புருஷன் குடிச்சது. நான்தான் கட்டிக் குடுத்தேன்."

குமாஸ்தா குனிந்து முகர்ந்தான். கெட்டவன் இல்லை. கண் கலங்கியதைக்கூடப் பார்த்தேன். உள்ளே போய்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்தான்.

"கேஸ் முடிஞ்சுபோச்சும்மா. டாக்டர் எழுதினதை மாத்த முடியாது. கயிறு பிடிச்ச ஆள் யாராவது வந்து கயிறு பழசுன்னு சொன்னா திறக்கலாம்."

கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் மேஸ்திரியிடம் கூலி வாங்குகிறவர்கள். சுல்மிரா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் கதவைத் திறந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. தவக்காலம் தொடங்கும் முன்பே பெல்மிரோ வெனிசுவேலாவுக்குக் கப்பலேறினான். கரகாசில் ரொட்டிக்கடை வைத்திருந்த எர்குலானோவின் அண்ணன்தான் அவனை அங்கே அழைத்துக்கொண்டது. துறைமுகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். அவள் போகவில்லை.

ஒதீலியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். தாயும் மகளும் சன்னல் வெளிச்சத்தில் குனிந்து, யாரோ தின்னும் மேசைக்கு விரிக்கும் துணிகளில் பூப் பூவாகத் தைத்தார்கள். சுல்மிராவின் வாய் அடங்கிப்போனது. நான் வம்புக்கு இழுத்தால்கூட, "விடு, நூல் சிக்குது" என்பாள்.

கால்வாயில் தண்ணீர் விட்ட நாளில் பட்டணத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். சாமியார் தண்ணீரை மந்திரித்தார். வேலையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்போம் என்று பெயர்களைச் சொன்னார். பெயர்களைக் கொடுத்தவர் எர்குலானோ. ஜனுவாரியோ பெயர் வரவில்லை. சாமியார் அடுத்த ஜெபத்துக்குப் போகும்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து சுல்மிராவின் குரல் கேட்டது.

"ஜனுவாரியோ."

சாமியார் நிறுத்தினார். எர்குலானோ அவர் காதில் ஏதோ சொன்னார்.

"ஜனுவாரியோ," என்றாள் மறுபடி. கத்தவில்லை. உள்ளே இருக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள்.

சாமியார் மேஸ்திரியைப் பார்த்தார், பெரிய மனிதர்களைப் பார்த்தார், கடைசியில் புத்தகத்தைப் பார்த்து, "ஜனுவாரியோ. நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும்" என்றார். பதில் சொன்னவர்கள் கொஞ்சம் பேர். கயிறு பிடித்தவர்களில் ஒருத்தன்கூட இல்லை. அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மறுவாரம் அந்தத் தண்ணீரையே தன் காய்கறிப் பாத்திக்குத் திருப்பிவிட்டாள். குடிக்க மட்டும் பழைய ஊற்றிலிருந்து தூக்கி வந்தாள்.

ஒதீலியாவுக்குக் கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்து பெல்மிரோ ஊருக்கு வந்தான். தொப்பை போட்டிருந்தான். நல்ல தோல் செருப்பு. நான் அவளோடு தைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றான். அவள் காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"கயிறு நைஞ்சுதான் இருந்துச்சு அக்கா. அன்னிக்குக் காலையிலயே பார்த்தேன். என் கையில இருந்த இடத்துலதான் பிரி விட்டிருந்துச்சு."

"எனக்குத் தெரியும்டா. எங்கிட்ட எதுக்குச் சொல்ற? கோயில் வாசல்ல ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. அங்க போய்ச் சொல்லு."

அவன் எழுந்து போனான். சன்னலிலிருந்து பார்த்தால் கோயில் வாசல் தெரியும். பெல்மிரோ அங்கே போய் உட்கார்ந்தான். எர்குலானோ செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. பயப்பட யாரும் இல்லை. ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சிரிக்கும் சத்தம் வந்தது. கரகாஸ் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

சுல்மிரா சன்னல் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். வெளிச்சம் துணியில் விழவில்லை. அப்படியே தைத்தாள்.